ஒரு தலைக்கு ஒரு பிளேடு

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. நயினார்கோவில் பக்கத்தில் எங்கள் கொல்லையில் ஐந்தாம் மாதம் வரை மிளகாய்ப் பழம் பறித்தவள் நான். நர்ஸ் நிதானமாக விளக்கினார். கல்லீரலைக் கெடுக்கும் கிருமி, ரத்தத்தில் இருக்கும், ரத்தம் பட்ட பிளேடு வழியாகவும் பரவும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும். பச்சைப் பிள்ளைக்கு வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் தங்கிவிடும். பிறந்த உடனே ஊசி போட்டால் தடுக்கலாம். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது.

அந்தக் கடைசி வரியை மட்டும் கூட வந்திருந்த என் மாமியார் காதில் வாங்கவில்லை. மறுநாளே எனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் தனியாக வந்துவிட்டன. அதே வீட்டில் என் கணவரும் கொழுந்தனாரும் ஒரே பிளேடில் மாற்றி மாற்றிச் சவரம் செய்வார்கள். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணவருக்குப் பரிசோதித்ததில் இல்லை. அவர் தடுப்பூசி போட்டுக்கொண்டார். என் அம்மாவையும் பரிசோதிக்கச் சொன்னார்கள். அம்மாவுக்கு இருந்தது. என்னை வீட்டிலேயே பெற்றவர் அவர். அப்போது யார் பரிசோதித்தார்கள், யார் ஊசி போட்டார்கள்? இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டார், "நாந்தான் ஒனக்குக் குடுத்தேனா?"

நான் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தேன். தனக்கு இது இருப்பதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டார். செய்துகொடுத்தேன். ஆனால் என் பிள்ளைக்கு இது போகவே கூடாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்து டாக்டர், நர்ஸ், ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் என்று கண்ணில் பட்ட எல்லோரிடமும் ஊசியைப் பற்றிச் சொன்னேன். பேர் வைப்பதற்கு முன்னால் ஊசியை வைத்துவிடுவாள் என்று கணவர் கேலி செய்தார். காலையில் மகள் பிறந்தாள். மதியத்துக்குள் தொடைக்கு ஒன்றாக இரண்டு ஊசி. அவள் வீறிட்டு அழுதாள், நான் சந்தோஷத்தில் அழுதேன். அடுத்த ஊசிகளையும் நாள் தவறாமல் போட்டோம். அவை பலித்தனவா என்பது ஒன்பது மாதத்துக்குப் பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள்.

ஒன்பதாம் மாதம் மாரியூர் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் முடி இறக்கினோம். பிரசவம் நல்லபடியாக முடிந்தால் தானும் மொட்டை போட்டுக்கொள்வதாக அம்மா நேர்ந்திருந்தார். எங்கள் வழக்கப்படி நேர்ந்தவர் முதலில் உட்கார வேண்டும், பிறகு தாய்மாமன் மடியில் பிள்ளை, அதன் பிறகு பங்காளி வீட்டுக் குழந்தைகள். ஒரு பிளேடை இரண்டாக உடைத்து, பாதியைக் கத்தியில் செருகி, அதை வைத்தே ஐந்தாறு தலையை முடித்துவிடுவார்கள். நான் இரண்டு பாக்கெட் பிளேடு வாங்கி வந்திருந்தேன். பிள்ளைக்கு இளந்தோல், புதுசு போடுங்கள் என்று சொல்வதாகத் திட்டம். உண்மையைச் சொன்னால் சத்தியம் என்னாவது?

பொங்கலுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு நான் திரும்பும்போது அம்மாவுக்கு மொட்டை முடிந்திருந்தது. காதோரம் மெல்லிய ரத்தக் கோடு. முடி எடுப்பவர் கத்தியைத் துணியில் துடைத்துவிட்டு என் தம்பி மடியில் இருந்த மகளிடம் குனிந்தார். நான் தூரத்தில் இருந்தேன். குடத்தோடு ஓடினேன். அதற்குள் அம்மா அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"அத மாத்துங்க. எனக்கு ரத்தத்துல நோய் இருக்கு. எம்பேத்திக்கு மட்டுமில்ல, இங்கன ஒக்காருற ஒவ்வொரு புள்ளைக்கும் மாத்துங்க."

கூட்டம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா யாரையும் பார்க்கவில்லை, கையையும் விடவில்லை. நான் குடத்தை இறக்கிவிட்டு, பையிலிருந்த இரண்டு பாக்கெட்டையும் எடுத்து முடி எடுப்பவர் முன்னால் வைத்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே பிளேடை மாற்றினார். அன்று எட்டுத் தலைக்கு எட்டு பிளேடு.

அடுத்த மாதம் மகளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு கைக்கு வந்ததும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். பஸ் ஸ்டாண்டில் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

"ஆமாம்மா, ஒன்கிட்டருந்துதான் எனக்கு வந்துச்சு. எங்கிட்டயே நின்னுபோச்சு."