கொக்கியில் தொங்கிய நீலச் சட்டை

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை காலை. கிளம்ப இருந்தது என்பதுதான் சரி. எட்டு மணிக்குக் கேட்டைத் திறந்தால் குறுக்கே ஒரு சாம்பல் நிறக் கார் நிற்கிறது. அப்பாவின் வண்டி உள்ளே, பெட்டிகள் வண்டிக்குள்ளே, பதினொன்றரைக்கு விமானம். டாக்சி வர முக்கால் மணி நேரமாவது ஆகுமாம். அப்பா விடாமல் ஹார்ன் அடித்ததில் இரண்டு நாய்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின.

அடுத்து வந்தவர் எதிர்க்கடை இஸ்திரி அக்கா. இருபது வருடமாக எங்கள் தெருத் துணிகளைத் தேய்ப்பவர். அவருக்கு முகங்கள் நினைவில் நிற்காது, காலர்தான் நிற்கும். தெருவில் போகிறவரைக் காட்டிக் கேட்டால், "அவரா? பாக்கெட்ல பேனா மை, இடது தோள் இறங்கும்" என்பார். பெயர் கேட்டால் முழிப்பார். நான் அவருக்கு 'பாக்கெட்ல பஸ் டிக்கெட்டோட துணி போடுற பொண்ணு'.

"இது யார் வண்டின்னு தெரியுமாக்கா?"

"வண்டியெல்லாம் எனக்கு ஒண்ணுதான்" என்றவர், கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தார். பின்சீட்டுக் கொக்கியில் ஒரு நீலச் சட்டை தொங்கியது. "மூணாவது பொத்தான் நான் தைச்சது. மூலை வீட்டு மாடி, பல் டாக்டர்."

நான் ஓடத் தயார். அக்கா நகரவில்லை.

"என்னக்கா, நேரமாகுது."

"சட்டைக் கையில ரெண்டு கோடு விழுந்திருக்கு பாரு. இது என் இஸ்திரி இல்ல."

ஆறு மாதமாக டாக்டர் துணி போடவில்லை. வீட்டிலேயே தேய்க்க மிஷின் வாங்கிவிட்டதாகச் சொல்லியிருந்தாராம்.

"மிஷினும் இல்ல, மண்ணும் இல்ல. பஸ் ஸ்டாண்ட் இஸ்திரிக் கடைக்காரன்தான் இப்படி ரெண்டு கோடு போடுவான்."

மூலை வீட்டு மாடியேறி மணி அடித்தோம். ஜன்னல் திரை விலகியது. அக்காவைக் கண்டதும் மூடிக்கொண்டது. கதவு திறக்கவில்லை. மணி எட்டு இருபத்தைந்து. கீழே அப்பா வாட்சைத் தட்டிக் காட்டினார்.

"டாக்டர், நான் சட்டையைப் பத்திப் பேச வரல" என்றார் அக்கா, தெருக்கோடி வரை கேட்கும் குரலில். "காரை எடுக்கச் சொல்லத்தான் வந்தேன். சட்டையைப் பத்தி, இந்தப் பொண்ணு கிளம்பின பிறகு பேசிக்கலாம்."

ஒரு காலில் மட்டும் செருப்போடு டாக்டர் சாவியுடன் வெளியே வந்தார்.

"வேற இடமே கிடைக்கலம்மா."

"அது சரி. மிஷின் நல்லா இருக்கா?"

"அது... ரிப்பேர்."

"பெரிசா வாயைத் திறங்க. பொய் எந்தப் பல்லுல மாட்டியிருக்குன்னு பாப்போம்."

டாக்டர் வாயை இறுக மூடிக்கொண்டு காரை நகர்த்தினார். எங்கள் வண்டி தெருமுனை திரும்பும்போது பின்கண்ணாடியில் பார்த்தேன். செத்த எலியைத் தூக்குவதுபோல் அந்தச் சட்டையை இரண்டு விரலால் பிடித்தபடி அக்கா முன்னே நடக்க, டாக்டர் பின்னால் போய்க்கொண்டிருந்தார். விமானத்தில் கடைசியாக ஏறியவள் நான்தான்.

இரண்டரை வருடம் கழித்து, ஏதோ ஒரு துறைமுகத்தில் படகுக்கு வரிசையில் நின்றபோது, தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. கூடவே ஒரு படம்: இஸ்திரிக் கடை, அதன் வாசலை அடைத்துக்கொண்டு அதே சாம்பல் நிறக் கார்.

"டிக்கெட்டுப் பொண்ணே, நம்பர் உங்கப்பா குடுத்தார். டாக்டர் துணி போட என்கிட்டயே திரும்பி வந்துட்டார். அதை ஊருக்குக் காட்ட காரை என் வாசல்லயே நிறுத்துறார். நான் வெளிய வர வழியில்ல. எனக்குச் சொல்லக் கூச்சமா இருக்கு. நீ வந்து எடுக்கச் சொல்லு."