மாப்பிள்ளைக்குக் கட்டிய போர்ட்டிக்கோ

சாய்ந்தமருதில் இப்போது மர்ஷூதாவைத் தெரியாதவர்கள் குறைவு. ஜப்பானில் வைத்து மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவள் என்றால் குழந்தைக்கும் தெரியும். எதைக் காட்டிக்கொடுத்தாள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஏசுவதற்கு அதெல்லாம் எதற்கு?

தொழில்நுட்பக் கல்லூரியில் வாகனப் பிரிவில் படிக்கிறவள். கோடை விடுமுறையில் ஜப்பானில் ஒரு கார்த் தொழிற்சாலையில் பயிற்சி பெற மூன்று பேரைத் தெரிவு செய்தார்கள். அவள் பெயர் முதலாவதாக வந்தது. காரைதீவு டிலக்சன் இரண்டாவது. மூன்றாவது றிபாஸ். படித்து வந்தவன் என்று சொன்னால் புத்தகத்துக்கே சிரிப்பு வரும். அவனுடைய பெரியவாப்பா யார் யாரையோ போய்ப் பார்த்தார், அவ்வளவுதான்.

மர்ஷூதாவின் வாப்பா முகைதீன்பாவா நெல் வியாபாரி. ஊர் என்ன சொல்லும் என்று கேட்காமல் தும்மக்கூட மாட்டார்.

"பொம்புளப் புள்ளயத் தனிய எப்பிடி அனுப்புற?" என்று ஒரு கிழமை முழுக்கப் புலம்பினார். பிறகு யாரோ காதில் ஓதினார்கள்: றிபாசும் போகிறான்தானே, பேசி முடித்துவிட்டால் துணையுமாச்சு, மாப்பிள்ளையுமாச்சு. சந்தையில் கத்தரிக்காய் வாங்குவதற்குக்கூட இதைவிடக் கூடுதலாக யோசிப்பார்கள். மர்ஷூதாவிடமும் கேட்டார்கள். போகவேண்டும் என்ற ஆசையில் அவளும் ஓம் என்றாள். அந்த ஓமுக்காக அவள் பிறகு தன்னையே நொந்துகொண்டது வேறு கதை.

நம்முடைய பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. வாப்பா கட்டிக் கொடுப்பார், மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். முகைதீன்பாவாவும் மகளுக்காகக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். றிபாசின் உம்மா ஸாலிஹா வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"கார் செய்ற எடத்துக்குப் போற புள்ள. நாளைக்குக் காருல வந்து எறங்கினா எங்க நிப்பாட்டுற? வெயிலுலயா?"

காரும் இல்லை, கார் ஓட்ட லைசன்சும் இல்லை. இருந்தும் முகைதீன்பாவா வாசல் முருங்கையை வெட்டிவிட்டு, நான்கு தூண் வைத்து ஒரு போர்ட்டிக்கோவை எழுப்பினார். உள்ளே அறைகளுக்குச் சாந்து பூசவில்லை. சமைக்கிற குசினிக்குக் கதவு இல்லை. வராத காருக்கு மட்டும் நிழல் தயார்.

புறப்படுகிற அன்று கல்முனைச் சந்தியில் பதாகை தொங்கியது. 'ஜப்பான் பயணிக்கும் எமது மண்ணின் பொறியியலாளர்' என்று றிபாசின் முகம் ஆளுயரத்தில் சிரித்தது. மற்ற இருவரும் கீழ் மூலையில் முத்திரை அளவில் இருந்தார்கள்.

தொழிற்சாலையில் வரிசையாக நகர்ந்து வரும் கார்களில் பொறியியலாளருக்குக் கொடுத்த வேலை, பின் இருக்கைகளின் பாதுகாப்புப் பட்டியைப் போல்ட் போட்டு இறுக்குவது. அதற்கடுத்து மர்ஷூதா. அந்தப் போல்ட்டின் மேல் பிளாஸ்டிக் மூடியை வைத்து அழுத்துவது அவளுடைய வேலை. மூடிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று படைத்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.

தலைக்கு மேல் ஒரு கயிறு நீளத்துக்கு ஓடியது. முதல் நாளே மேற்பார்வையாளர் அதைக் காட்டி விளக்கினார். பிழையைக் கண்டவர் இழுக்க வேண்டும். தன்னுடைய பிழை என்றாலும் இழுக்க வேண்டும். வேலை நிற்கும், திருத்துவார்கள், மறுபடி ஓடும். யாரும் ஏசமாட்டார்கள், நன்றிதான் சொல்வார்கள்.

றிபாசுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சொந்தப் பிழையச் சொல்லிக்குடுக்கிறதுக்கு ஒரு கயிறாம்! சரியான மடையனுகள்."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கூரை இடிந்து விழுந்தால்கூடக் காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு கட்டின மேசனுக்குத் தேநீர் கொடுக்கிற ஊரில் பிறந்தவன்.

ஒரு நாள் அவன் வேலையினூடே கைபேசியை உயர்த்தி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். "அஸ்ஸலாமு அலைக்கும் நண்பர்களே, இது நான் செய்ற கார்" என்று ஒரு பீற்றல். அதற்குள் ஒரு கார் அவனைத் தாண்டி மர்ஷூதாவிடம் வந்துவிட்டது. அவள் மூடியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். போல்ட் கையால் திருகியபடியே கிடந்தது. விரலால் தொட்டாள், ஆடியது.

"இது இறுக்கல்ல," என்றாள்.

"மூடு."

"பட்டி கழண்டு வந்திரும்."

"மூடுகா, கெதியா! மூடினா ஆருக்குத் தெரியும்?"

"பின் சீற்றுல புள்ளயள் இருந்தா?"

"ஜப்பான்காரன்ட புள்ளதானே. உனக்கென்ன?"

சொன்னவன் முகத்தில் ஒரு சின்னக் கூச்சம்கூட இல்லை. இவனோடுதான் காலம் முழுக்க என்று நினைத்தபடி மர்ஷூதா மூடியைக் கீழே வைத்தாள். கயிறு கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. இழுத்தால் ஊரில் என்ன நடக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். வாப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. ஆடுகிற போல்ட்டும் கண்ணுக்கு முன்னால் இருந்தது. இழுத்தாள்.

எச்சரிக்கையாக ஒரு பாட்டு ஒலித்தது, வேலை நின்றது. மேற்பார்வையாளர் ஓடிவந்தார், போல்ட்டை இறுக்கினார், அவளுக்குத் தலை குனிந்து நன்றி சொன்னார். றிபாசுக்கும் குனிந்தார். மறுபடி வேலை ஓடியது. ஊற்றி வைத்த தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாப்பாட்டு வேளையில் டிலக்சன் கிட்ட வந்து, "நீ இழுக்காட்டி நான் இழுத்திருப்பன்," என்றான். எல்லாவற்றையும் பார்த்தபடி அவன் நின்ற இடத்துக்குக் கயிறு இன்னும் கிட்ட. மர்ஷூதா சோற்றைப் பிசைந்தாள்.

றிபாஸ் அன்றைக்கே கைபேசியில் உம்மாவுக்குக் கோல் எடுத்தான். மர்ஷூதா ஊருக்கு வந்து சேருமுன்பே கதை வந்து சேர்ந்து, கை கால் முளைத்து, மீன் சந்தை வரைக்கும் நடந்து திரிந்தது. ஜப்பான்காரர்கள் றிபாசை அடித்தார்கள் என்றுகூட ஒரு சாரார் சொன்னார்கள்.

வந்த கிழமையே ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பிறகு ஸாலிஹா தன் தம்பிமாரோடும் மகனோடும் வந்து இறங்கினாள். மூன்று சக்கர வண்டியில்தான். அதைப் போர்ட்டிக்கோவுக்குள் விட்டுத்தான் இறங்கினார்கள். மர்ஷூதா வீட்டார் தேங்காய்ப்பால் வட்டிலப்பம் வைத்தார்கள். மான ரோசம் பேச வந்தவர்கள் அதைச் சாப்பிடுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"என்ட மகனிட்ட இவ மாப்புக் கேக்கணும், எங்கட ஆக்களுக்கு முன்னால. படிப்பையும் நிப்பாட்டணும். ஆம்புளைல பிழை புடிக்கப் படிச்சது போதும்."

முகைதீன்பாவா வியர்வையைத் துடைத்தார். "ஒரு சொல்லுத்தானே மகள். சொல்லிரு. வீடும் கட்டி முடியப்போகுது."

மர்ஷூதா றிபாசைப் பார்த்தாள். தொழிற்சாலைத் தொப்பியைப் போட்டபடி கைபேசியில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தான்.

"அந்தப் போல்ட் இறுக்காமப் போனது பிழைதானே?" என்று கேட்டாள்.

"நீ கயித்த இழுத்ததுதான் பிழை," என்றான், தலையை நிமிர்த்தாமலே.

"வாப்பா, பின் சீற்றுல புள்ளயள் இருந்தாண்டு நான் கேட்டன். ஜப்பான்காரன்ட புள்ளதானேண்டு சொன்னாரு. இல்லையெண்டு சொல்லச் சொல்லுங்க."

றிபாஸ் இல்லை என்று சொல்லவில்லை. அதில் என்ன தப்பு என்பதுபோல மாமாமாரைப் பார்த்தான். அவர்களும் அதே மாதிரித்தான் இவனைப் பார்த்தார்கள்.

"இவரோட நான் வாழ்ந்தா, பொறகு பின் சீற்றுல இருக்கிறது உங்கட பேரப்புள்ளயள் வாப்பா. அப்பவும் மூடச் சொல்லுவாரு. நான் மாப்புக் கேக்கமாட்டன். எனக்கு இந்தக் கலியாணம் வேணாம்."

பிறந்ததிலிருந்து ஊரின் முகத்தைப் பார்த்தே பேசிப் பழகிய முகைதீன்பாவா, அன்றைக்கு மகளின் முகத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸாலிஹாவின் பக்கம் திரும்பினார்.

"வட்டிலப்பத்தச் சாப்புட்டு முடிங்க ராத்தா," என்றார். "முடிச்சிப்போட்டு எழும்புங்க."

றிபாசுக்கு அக்கரைப்பற்றில் வேறு பெண் பேசிவிட்டார்கள். அங்கேயும் ஒரு போர்ட்டிக்கோ எழும்புகிறதாம். இங்கே இருக்கிறதில் முகைதீன்பாவாவின் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் சேறும் சகதியுமாக நிற்கிறது. மகளை அடங்காப்பிடாரி என்று சொல்கிறவர்களிடம் அவர் இப்போது வாதாடப் போவதில்லை. ஆனால் காலையில் மர்ஷூதா கல்லூரிக்குப் போகுமுன் ஸ்பேனரோடு குந்தி, ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கிப் பார்த்துவிட்டு "சரி வாப்பா" என்று சொல்லும்வரைக்கும், அவர் அதை வயலுக்கு எடுப்பதில்லை.