எழுநூற்றெண்பதும் ஆயிரத்து நானூறும்

அந்த அக்கா வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வந்து இறங்கியபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யார் என்ன வாங்கினாலும் கொஞ்ச நாள் அதுதான் பேச்சாக இருக்கும், பிறகு அடங்கிவிடும். அவர் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். கணவர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட, அவருக்குப் பதிலாகத் தெர்மலில், அதாவது அனல் மின் நிலையத்தில், வேலை கிடைத்து வந்தவர். பிள்ளைகள் இல்லை. டர்பைன் பக்கத்திலேயே பல வருடம் நின்றதில், "காதுக்குள்ள எப்பவும் அது ஓடிக்கினே இருக்கும்மா" என்பார். வீட்டுக்கு வந்தாலாவது நல்ல சத்தமாகக் கேட்கலாமே என்று வாங்கினாராம். தனி ஆளுக்கு எதற்கு ஏழு ஸ்பீக்கர் என்று பிளாக்கில் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

பொறாமை வந்தது என் பெண்ணின் தேர்வு முடிவு வந்த அன்றைக்கு.

அவள் மருத்துவ நுழைவுத் தேர்வை இரண்டாவது முறையாக எழுதியிருந்தாள். முடிவு மத்தியானம் வந்தது. நான் சுரங்கத்தின் கண்ட்ரோல் ரூமில் வேலையில் இருந்தேன். போனிலேயே பார்த்துவிட்டேன். அவளை அழைத்தேன், எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். பெர்மிஷன் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் கதவு வெறுமனே சாத்தியிருக்கிறது, அவள் போன் சாப்பாட்டு மேசையில் கவிழ்ந்து கிடக்கிறது, சைக்கிளைக் காணோம்.

என் கணவருக்கு அன்று செகண்ட் ஷிப்ட். அவர் சுரங்கத்தின் அடியில், மண் வெட்டும் இயந்திரத்தில் இருந்தார். கண்ட்ரோல் ரூம் வழியாகச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த லைனில் ஒருவர் பேசினால் பத்துப் பேர் கேட்பார்கள். என்னவென்று சொல்வது? பெண்ணைக் காணோம் என்றா? வாயில் வைத்துச் சொல்லவே பயமாக இருந்தது.

நூலகத்தில் பார்த்தேன். அவள் படித்த டியூஷன் சென்டரில் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ், குறிஞ்சிப்பாடி பஸ் என்று ஒவ்வொன்றின் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பிறகு ஸ்கூட்டியை ஏரிப் பக்கம் திருப்பினேன். ஏன் அந்தப் பக்கம் போனேன் என்று என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. கரையில் ஒருவர் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. அங்கே யாரும் இல்லாததே எனக்கு ஆறுதலாக இருந்தது.

திரும்பி வரும்போதுதான் அந்த அக்கா வீட்டின் பின்பக்கம், முருங்கை மரத்தடியில் அவள் சைக்கிளைப் பார்த்தேன். வீட்டுக்குள் இடி இடித்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே இடி.

கதவைத் தள்ளினேன். திரைச்சீலையெல்லாம் இழுத்துவிட்டிருந்தார்கள். டிவியில் மழை பெய்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் டிவியிலிருந்து வரவில்லை, என் முதுகுக்குப் பின்னாலிருந்தும் தலைக்கு மேலிருந்தும் வந்தது. நான் திரும்பிக்கூடப் பார்த்துவிட்டேன். என் பெண் தரையில் கால் நீட்டி, சோபாவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வாம்மா, ஏன் வாசல்லயே நிக்கற? மழ கூரைய பிச்சிக்கினு ஊத்துது பாரு!" என்றார் அக்கா. பிறகு என் முகத்தைப் பார்த்து, சத்தத்தைக் குறைத்தார். "பாப்பா ரெண்டு தோச சாப்ட்டா."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். இன்றும் அவள் போனை எடுக்கத் தாமதமானால் எனக்கு அந்த ஏரிக்கரைதான் ஞாபகம் வருகிறது. ஆனால் அந்த வாசலில் நின்றபோது, பயம் இறங்கிய அதே நிமிடத்தில், எனக்குள் ஏறியது வேறொன்று. மனசு உடைந்த என் பெண் என்னிடம் வரவில்லை. இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். இவர் கையால் தோசை சாப்பிட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் அவள் அங்கேதான். எங்கள் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று லேசாக இடித்துக்கொள்ளும், அந்த வீட்டில் சண்டைக்காட்சி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வேன். நடுநடுவே அவள் சிரிக்கும் சத்தம் வரும். எங்கள் வீட்டில் அவளிடமிருந்து மூன்று வார்த்தைதான் கிடைக்கும்: ம், சரி, அப்புறம். அங்கே என்ன அவ்வளவு பேச்சு? அந்த அக்கா எப்போது ரிடையர் ஆவார், எப்போது குவார்ட்டர்ஸைக் காலி செய்வார் என்று நினைத்துப் பார்த்தேன். இன்னும் வருடங்கள் இருந்தன. சுண்டல் செய்து கிண்ணத்தில் போட்டு அவர் என் பெண்ணிடம் கொடுத்தனுப்பினால் நான் அதைச் சாப்பிடுவதில்லை. பசியில்லை என்பேன்.

கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன ஒரு நாள் அந்தப் பெட்டியை நன்றாகப் பார்த்தேன். டிவிக்குக் கீழே கறுப்பாக, எங்கள் பழைய வி.சி.ஆரைவிடப் பெரிதாக இருந்தது. எல்லா ஸ்பீக்கருக்கும் அதுதான் தலைமை என்று என் பெண் சொல்லியிருந்தாள். ரிசீவர் என்று பெயராம். முகப்பின் ஓரத்தில் ஏதோ எழுத்துகளும் 780 என்ற எண்ணும் இருந்தன. எழுத்துகளை நான் கவனிக்கவில்லை. எண் மனதில் நின்றுவிட்டது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இயந்திரம் என்றால் எண்தான். சுரங்கத்தில் மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் வெட்டும் பெரிய இயந்திரங்களுக்கு, அவற்றின் சக்கரத்தில் இருக்கும் ஒரு வாளி எத்தனை லிட்டர் கொள்ளுமோ அதுதான் பெயர். முந்நூற்றைம்பது, எழுநூறு, ஆயிரத்து நானூறு. "எழுநூறு நின்னுடுச்சு" என்று போன் வந்தால் நான் குறித்துக்கொள்வேன். "ஆயிரத்து நானூறு நின்னுடுச்சு" என்று வந்தால் எழுந்து நின்றுவிடுவேன். எண் பெரிதாக இருந்தால் இயந்திரம் பெரிது. இருபது வருடமாகத் தினமும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே வேலை ஓய்ந்த நேரத்தில் போனில் ரிசீவர்களைத் தேடினேன். பக்கம் பக்கமாக எண்கள். அவற்றுக்கு முன்னாலும் பின்னாலும் எழுத்துகள். 580 ஒன்று இருந்தது, தள்ளிவிட்டேன். 680, அதுவும் வேண்டாம். அந்த அக்காவினுடையதைவிட ஒரு படியாவது மேலே இருக்க வேண்டும். அப்போது இன்னொரு கம்பெனியின் பெட்டி ஒன்று வந்தது. 1400. எனக்குப் புல்லரித்தது. அவருடையது எழுநூற்றுச் சொச்சம், இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விலையில் நல்ல தள்ளுபடி வேறு போட்டிருந்தான். ஏன் இவ்வளவு குறைத்துத் தருகிறான் என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். நான் யோசித்ததெல்லாம் என் பெண் எங்கள் ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதை. ஸ்பீக்கர்களையும் சேர்த்து ஆர்டர் போட்டேன்.

என் கணவர் கேட்டார். "டிவிலதான் சவுண்டு வருதே, இது எதுக்கு?"

"புள்ள வீட்டுல இருக்கட்டும்னுதான்."

"எந்த மாடலு?"

"ஆயிரத்து நானூறு."

"அடேயப்பா!" என்றார். அவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

பெட்டிகள் வந்தபோது வீட்டில் நானும் அவளும்தான். கூரியர்காரர் அதை ஹாலில் தூக்கிவைத்து மூச்சு வாங்கினார். அந்தக் கனமே எனக்குப் பெருமையாக இருந்தது. என் பெண் குனிந்து பெட்டியின் பக்கவாட்டில் இருந்ததைப் படித்தாள்.

"அம்மா, இத யார் சொல்லி வாங்குன?"

"நானேதான் பாத்து வாங்குனேன். ஆன்ட்டியோடது எழுநூத்தி எண்பது. இது ஆயிரத்து நானூறு!"

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எங்கள் வீட்டுக்குள் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று தெரிந்தும் நான் தடுக்கவில்லை.

"இது பக்கெட் இல்லம்மா, லிட்டர்ல அளக்க. இதுல ஒவ்வொரு நம்பரும் தனித்தனி. முதல்ல இருக்கிற ஒண்ணு இருக்குல்ல, அது அந்தக் கம்பெனில இது எந்தப் படின்னு சொல்றது. ஒண்ணுன்னா ஆகக் கீழ. ரெண்டாவது நாலு, அது எந்த வருஷத்து செட்டுன்னு. இப்ப எட்டு, ஒன்பதுன்னு போயிட்டானுங்க. இது பழைய ஸ்டாக்கு."

"அப்ப அந்த ரெண்டு சைபரு?"

"சும்மா. பாக்க நல்லா இருக்கட்டும்னு."

"ஆன்ட்டியோடது?"

"அது ஏழாம் படி. அந்தக் கம்பெனிக்கு அதுக்கு மேல ஒண்ணுதான் இருக்கு. அதுல ஏழு ஸ்பீக்கருக்கும் பவர் இருக்கும், இதுல அஞ்சுக்குத்தான். ஆனா ரெண்டு கம்பெனி நம்பரையும் பக்கத்துல வச்சே பாக்கக் கூடாதும்மா. கடலூர் பஸ் நம்பரையும் நம்ம வீட்டு நம்பரையும் வச்சு எது பெருசுன்னு கேக்கற மாதிரி."

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?"

கேட்டிருக்கவே கூடாது. பதில் எனக்குத் தெரியும்.

"ஆன்ட்டிதான். அவங்க வாங்கறதுக்கு முன்னாடி மாசக்கணக்குல படிச்சிருக்காங்க." பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"எங்க கேக்கறது? நீதான் எப்பவும் அங்கயே இருக்க!" என்று ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. "அன்னைக்கும் அங்கதான் போன. நான் எங்கெங்க தேடுனேன்னு தெரியுமா உனக்கு? ரெண்டு வீடு தள்ளி இருக்கிறவங்க உனக்கு என்னைவிட என்ன ஒசத்தி?"

அவள் பெட்டியில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

"அவங்க அடுத்து என்னன்னு கேக்க மாட்டாங்கம்மா. நீ வாயத் தெறக்கறதே அதுக்குத்தான். அன்னைக்கு நீ போன் பண்ணிக்கிட்டே இருந்த. எடுத்தா அதத்தான கேட்டிருப்ப?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நான் அதைத்தான் கேட்டிருப்பேன். சரி விடு, அடுத்து என்ன பண்ணலாம், மூன்றாவது தடவை எழுதறியா, வேறு கோர்ஸுக்கு விண்ணப்பிக்கலாமா, அப்பா ரிடையர் ஆவதற்குள் ஒரு வழி பண்ண வேண்டாமா. ஆறுதல் என்று நினைத்துத்தான் கேட்டிருப்பேன்.

திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன். "இருக்கட்டும், நம்ம ஹாலுக்கு அஞ்சே அதிகம்" என்றாள். ஒயர்களை நாங்களே மாட்டினோம். அவள் சொல்லச் சொல்ல நான் சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் செருகினேன். சத்தம் நன்றாகவே இருந்தது. அன்று அவள் வெளியே போகவில்லை. மறுநாள் போனாள்.

செய்தியும் அவள் வழியாகவே அங்கே போய்விட்டது. குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது அக்கா என்னைப் பார்த்து, "என்னம்மா, ஆயிரத்து நானூறு வூட்டுக்கே வந்துட்ச்சாமே! பாத்துக்க, ஹால வெட்டிக்கினு வெளிய போயிடப் போவுது" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு எரிந்தது. சிரிப்பு அடங்கியதும் அக்கா என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "ஞாயித்துக்கெழம புதுப் படம் போடறேன். பாப்பா உன்னையும் கூட்டிக்கினு வரேன்னா. வா" என்றார்.

பாப்பா என்னைக் கூட்டிவருகிறேன் என்றாளாம். அவரிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. அதற்கும் எரிந்தது. ஷிப்ட் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு எனக்கு ஆஃப்.

போனேன். சோபாவில் ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் நான், நடுவில் என் பெண். படம் ஆரம்பித்ததும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் சத்தம் கேட்கும், இங்கே சத்தத்துக்குள் உட்கார்ந்திருக்கிறோம். இடைவேளை மாதிரி நடுவில் நிறுத்தி, அக்கா காபி போட எழுந்து போனார். ஹாலில் நாங்கள் இருவர் மட்டும். வேறொரு கோர்ஸுக்கான விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. போட்டாளா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும், தோள் கொஞ்சம் இறுகியது.

"அந்த வில்லன் செத்துட்டானா, இல்ல நடிக்கறானா?" என்று கேட்டேன்.

"பாரேன், தெரியும்" என்றாள். தோள் இறங்கியது.

அக்கா காபியோடு வந்து உட்கார்ந்தார். படம் மறுபடி ஓடியது. இருட்டில் நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில்தான் இருந்தாள். ஆனால் கொஞ்சம் அந்த அக்கா பக்கம் சாய்ந்திருந்தாள். கொஞ்சம்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.