ஊதாத விசில்

வார நாட்களில் ஓர் அரச அலுவலகத்தில் கோப்பு பார்ப்பது என் வேலை. சனி, ஞாயிறுகளில் சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடைப்பந்து நடுவராக நிற்பேன். பள்ளிக்கூடக் காலத்தில் நான் சுமாரான விளையாட்டுக்காரி. பந்தைவிட விதிப்புத்தகம்தான் எனக்குப் பிடிபட்டது. வவுனியாவில் நடந்த நடுவர் பயிற்சிக்குப் போய், சோதனை எழுதிச் சித்தியடைந்தேன். கிளிநொச்சிப் பக்கம் பெண் நடுவர்கள் குறைவு. அதனால் பெண்களின் ஆட்டம் எங்கே நடந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

என்னோடு சோடியாக நிற்பவர் முல்லைத்தீவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர். அவருடைய குடும்பம் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில் அங்கேதான் அவர் பந்து பழகினார். பிறகு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நான் அவரை நானா என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். ஆட்டத்துக்கு முன் நேரம் கிடைத்தால் இருவரும் போனில் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டங்களின் துண்டுகளைப் போட்டுப் பார்ப்போம். புள்ளியைப் பார்ப்பதில்லை. கால்களைத்தான் பார்ப்போம்.

பந்தைத் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது என்பது கூடைப்பந்தின் அடிப்படை. ஓடி வருகிறவர் பந்தைப் பிடித்தபின் இரண்டு அடி வைக்கலாம், அதற்குள் எறிந்துவிட வேண்டும். கூட வைத்தால் அது ட்ரவலிங், பந்து எதிரணிக்கு. கேட்க லேசாக இருக்கும். ஆனால் பந்து கைக்குள் வருகிற கணத்தில் நிலத்தில் ஊன்றியிருக்கும் காலை இப்போதைய விதி எண்ணுவதில்லை. அதைச் சுழியம் என்று விட்டுவிட்டு, அடுத்த காலிலிருந்துதான் ஒன்று, இரண்டு. பார்க்கிற சனத்துக்கோ அது மூன்று. அதனால்தான் எங்கே போனாலும் “ஸ்டெப்ஸ்! ஸ்டெப்ஸ்!” என்று கத்துகிறார்கள்.

“இஞ்ச பாருங்கோ தங்கச்சி,” என்று நானா படத்தை மெல்ல ஓட்டிக் காட்டுவார். “ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. இவன் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டெல்லோ வாறான். நடுவர் பேசாம நிக்கிறார்.”

“முதல் கால் சுழியம் நானா.”

“அப்பவும் மூண்டு!”

இப்படிச் சண்டை பிடித்துச் சிரிப்போம்.

அந்த இறுதியாட்டம் ஒரு பங்குனி மாதச் சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கியது. கிளிநொச்சியில் திறந்தவெளிச் சீமெந்துத் தளம். ஒரு பக்கம் வவுனியா அணி. ஒரு கம்பனி அதற்கு ஆதரவு கொடுத்தது, கொழும்பிலிருந்து சம்பளத்துக்கு ஆடும் நாலு பேரைக் கொண்டு வந்திருந்தார்கள். மற்றது எங்கள் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை அணி. அதில் ஒன்பதாம் இலக்கம் போட்டிருந்தவள் ஜெயபுரத்துப் பிள்ளை, இருபத்துமூன்று இருபத்துநாலு வயது. மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். தையல் இயந்திரத்தில் வேலை செய்தவளை, பந்துக்காகவே தொழிற்சாலை பாதி நாள் வேலையிலிருந்து விட்டு வைத்திருந்தது. அவள் பந்தைப் பிடித்து உள்ளே நுழைகிற விதம் எனக்கு நன்றாகத் தெரியும். சுழியம், ஒன்று, இரண்டு. கணக்குப் பிசகாது. ஆனால் கால்கள் நீளம், வேகம் அதிகம். தெரியாதவர்களுக்கு எப்போதும் மூன்றாகத்தான் தெரியும்.

அன்று காற்றே இல்லை. தளத்தைச் சுற்றி நின்ற வேப்பமரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை. சனம் நிறைய வந்திருந்தது, ஆனால் வெக்கையில் கத்தவும் மனமில்லாமல் இருந்தார்கள். ஆட்டம் முடியச் சற்று முன் ஓர் அணி கேட்ட கடைசி இடைவேளையில் நான் முகத்தையும் வாயையும் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஆறு விநாடி மிச்சம். தொழிற்சாலை அணி ஒரு புள்ளி பின்னால். ஒன்பதாம் இலக்கக்காரி நடுக்கோட்டில் பந்தை வாங்கி வலப்பக்கத்தால் ஓடினாள். நான் அவளுக்குப் பின்னால், நானா கூடைக்குக் கீழே. அவள் பந்தைக் கைக்குள் எடுத்தபோது வலக்கால் நிலத்தில் இருந்தது. சுழியம். இடக்கால், ஒன்று. வலக்கால் நிலத்தைத் தொட்டது.

அப்போது விசில் கேட்டது. நீண்ட, நடுவில் உடையாத ஒரே இழுப்பு.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். தடுக்க வந்தவள் கையை உயர்த்தியபடி நின்றாள். நானா நின்றார். என் கைகள் தாமாகவே முன்னால் வந்து ஒன்றையொன்று சுற்றின. அதுதான் ட்ரவலிங்குக்கு நாங்கள் காட்டும் சைகை. கை சுற்றுகிறது என்றால் நான்தான் ஊதியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது?

அவள் மட்டும் நிற்கவில்லை. எழும்பிப் பந்தைப் போட்டாள். வலையில் உரசிக்கொண்டு பந்து இறங்கிய சத்தம் துல்லியமாகக் கேட்டது. ஏனென்றால் வேறு ஒரு சத்தமும் இல்லை. அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். திரும்பியவள் எங்களைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

“என்ன மிஸ்?”

“ட்ரவலிங்.”

“நீங்கள் விசில் அடிக்கேல்லயே!”

கூட்டத்தில் பாதி “ஸ்டெப்ஸ்” என்று கத்தியது, மற்றப் பாதி என்னை ஏசியது. அவள் கால்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என் முகத்துக்கு நேரே வந்து நின்று, “அடிக்கேல்ல மிஸ், நீங்கள் விசில் அடிக்கேல்ல” என்றே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு பந்தைத் தரையில் ஓங்கி அடித்தாள். நடுவரோடு முறைகேடாக நடந்தால் ‘டெக்னிக்கல்’ தண்டனை. அதைக் கொடுப்பதற்காக ஊத மூச்சை இழுத்தேன்.

வாயில் ஒன்றும் இல்லை.

விசில் கழுத்துக் கயிற்றில், நெஞ்சுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. இடைவேளையில் வாய் துடைத்தபோது கீழே விட்டது. அதற்குப் பிறகு நான் அதைத் தொடவே இல்லை. எடுத்து உதட்டில் வைத்தேன். அந்த வெக்கையிலும் அது குளிர்ந்து, காய்ந்து கிடந்தது. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். தவறி நின்ற ஆட்டத்தைத் திரும்பத் தொடங்க விதியில் வழி இருக்கிறது. நான் ஊதினேன். டெக்னிக்கல் கொடுத்தேன். எதிரணி தண்டனை எறியையும் போட்டு இரண்டு புள்ளியால் வென்றது.

உடுப்பு மாற்றப் போகும் வழியில் நானா என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: “தைரியமா அடிச்சிட்டீங்கள் தங்கச்சி. எனக்கு அந்தக் கால் வடிவாத் தெரியேல்ல.” நான் ஓம் என்று தலையாட்டினேன்.

அடுத்த நாளே ஆட்டத்தின் வீடியோப் படங்கள் முகநூலில் சுற்றத் தொடங்கின. மெல்ல ஓட்டிக் கால்களுக்கு வட்டம் போட்டு, இரண்டு என்பவர்களும் மூன்று என்பவர்களும் தூஷணம் எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லாப் படங்களிலும் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டு ஒட்டியிருந்தார்கள். நான் புள்ளி எழுதும் மேசையில் இருந்தவரிடம் கேட்டு வெட்டாத படத்தை வாங்கினேன். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், அலுவலகத்தில் ஒருவரும் இல்லாதபோது இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு போட்டேன்.

பந்து தட்டும் சத்தம். சப்பாத்து உரசும் சத்தம். தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். யாரோ ஒரு குழந்தை தண்ணீர் கேட்கிறது. பிறகு, எந்தச் சத்தமும் எழாமல், அவளைத் தவிர மற்ற ஒன்பது பேரும் ஒரே கணத்தில் நிற்கிறார்கள். நடுவர்கள் நிற்கிறார்கள். பின்னால் படியில் இருந்த சனத்தின் அசைவும் நிற்கிறது. யாரோ அவர்களுக்கு மட்டும் ஏதோ சொன்னதுபோல. என் நெஞ்சில் விசில் ஆடுவது தெரிகிறது. பிறகு என் கைகள் உயர்ந்து சுற்றுகின்றன.

அந்தப் படத்திலேயே முன்னும் பின்னும் நான் ஊதியதும் நானா ஊதியதும் காதைத் துளைக்கின்றன. டெக்னிக்கலுக்கு ஊதியது தெளிவாக இருக்கிறது. அந்த ஒன்று மட்டும் இல்லை. வேறு இரண்டு பேரிடம் வேறு பக்கத்திலிருந்து எடுத்த படங்கள் வாங்கினேன். அவற்றிலும் இல்லை. இரண்டாம் படத்தில் ஒரு கிழவர் விசிறிக்கொண்டிருந்த மட்டையை அப்படியே பாதியில் நிறுத்துகிறார்.

கால்களையும் பார்த்தேன். சுழியம், ஒன்று, இரண்டு. அவள் நடக்கவே இல்லை.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு முல்லைத்தீவுக்குப் போய் நானாவின் கடையில் படத்தைக் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் கேட்டார். காதிலிருந்து கழற்றி, வயரை ஒழுங்காகச் சுற்றி மேசையில் வைத்தார்.

“நான் கேட்டனான்,” என்றார். “சத்தியமாக் கேட்டனான்.”

“நானும்தான்.”

“சண்டைக் காலப் பழக்கம், எங்கட ஆக்கள் சத்தம் கேட்டா முதல்ல நிப்பினம் தங்கச்சி. ஏனெண்டு பிறகுதான் பாப்பினம். ஒருத்தர் நிண்டா எல்லாரும் நிப்பினம்.”

“கொழும்புப் பிள்ளையளும் நிண்டதுகள்தானே நானா.”

ஒரு வாடிக்கையாளர் வந்து ஆணி கேட்டார். நானா நிறுத்துக் கொடுத்து அனுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இதை இனி ஒருத்தருக்கும் போட்டுக் காட்டாதேங்கோ,” என்றார். “அந்தப் பிள்ளையிட்டப் போய் மன்னிப்புக் கேளுங்கோ. அது மட்டும்தான் எங்கட கையில இருக்கு.”

அடுத்த சனிக்கிழமை காலை அக்கராயன் பக்கத்தால் ஜெயபுரத்துக்கு ஸ்கூட்டியில் போனேன். அவளுடைய அம்மாதான் வேலியடிக்கு வந்தா. “வாங்க மிஸ், உக்காருங்க” என்று கதிரை எடுத்துப் போட்டா. நான் யாரென்று தெரிந்தும் முகம் மாறவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவள் கிணற்றடியிலிருந்து வந்தாள். டெக்னிக்கல் வாங்கியதற்காகத் தொழிற்சாலை அவளை அணியிலிருந்து நிறுத்தி, முழுநாள் வேலைக்கு மாற்றிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

“நீங்கள் சொன்னது சரி,” என்றேன். “நான் விசில் அடிக்கேல்ல. காலும் பிழையில்லை. டெக்னிக்கலும் தந்திருக்கக் கூடாது. எனக்கு அங்கயே தெரியும். சொல்லாம விட்டிட்டன்.”

அவள் அழுவாள் அல்லது ஏசுவாள் என்று நினைத்திருந்தேன். ஏதோ பெரிய பாரம் இறங்கியதுபோல நிலத்தில் குந்தினாள்.

“எனக்குத்தான் காது அடைச்சுப்போச்சோ எண்டு யோசிச்சனான் மிஸ். எங்கட ரீம் பிள்ளையளே விசில் கேட்டது எண்டினம். ஆஸ்பத்திரியில காது காட்டினனான். ஒரு பிழையும் இல்லையாம்.”

“உங்களுக்கு ஒண்டும் கேட்கேல்லயோ?”

“இல்லை. பந்தைப் போட்டிட்டுத் திரும்பினால் எல்லாரும் அப்பிடியே நிக்கினம். ஒருத்தரும் என்னைப் பாக்கேல்ல. பந்தையும் பாக்கேல்ல. எல்லாரும் உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவை.” நிமிர்ந்து என்னைக் கேட்டாள்: “அப்ப ஆர் மிஸ் அடிச்சது?”

அவளுடைய அம்மா தேத்தண்ணியோடு வாசலில் நின்றா. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியை வைத்து, “அந்தப் பேச்ச விடுங்க” என்று மட்டும் சொன்னா.

அன்று பின்னேரமே கூடைப்பந்துச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். ஊதாமல் சைகை காட்டினேன், தீர்ப்புப் பிழை, வீராங்கனை உண்மையைத்தான் சொன்னார், டெக்னிக்கலை நீக்க வேண்டும். எல்லோரும் ஏன் நின்றார்கள் என்பதற்கு ஒரு வசனம் எழுதி வெட்டினேன். இன்னொன்று எழுதி அதையும் வெட்டினேன். கடைசியில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஆட்ட முடிவு மாறாது, டெக்னிக்கல் நீக்கப்படுகிறது, நடுவர் இந்தப் பருவம் முழுவதும் ஓய்வில் இருக்கட்டும் என்று பதில் வந்தது. கடிதப் பிரதியை அவளுக்கு அனுப்பினேன். தொழிற்சாலை அவளைத் திரும்ப அணியில் எடுக்கவில்லை. அவளை வென்ற வவுனியா அணிதான் ஒப்பந்தம் போட்டு எடுத்தது.

நாலைந்து மாதம் கழித்து அவள் போன் எடுத்தாள். சுகம் விசாரித்துவிட்டுச் சொன்னாள்: “மிஸ், அண்டைக்கு எனக்கு எதிரா விளையாடின பிள்ளையள்தானே இப்ப என்ர ரீம். ஒவ்வொருத்தரிட்டயும் தனித்தனியாக் கேட்டனான், விசில் எந்தப் பக்கத்தில கேட்டது எண்டு. ஒருத்தி தன்ர காதுக்குப் பின்னால எண்டாள். ஒருத்தி மரத்துக்கு மேல எண்டாள். மற்றவள் நிலத்துக்குக் கீழ இருந்து வந்தது எண்டு சொல்லிப்போட்டுக் கதையை மாத்திட்டாள். ஒருத்தரும் உங்கட பக்கம் எண்டு சொல்லேல்ல.”

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“உங்களுக்கு எங்க கேட்டது மிஸ்?”

அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. நானும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. பொய் சொல்ல அவளிடம் எனக்கு வாய் வரவில்லை.

“என்ர வாய்க்குள்ள,” என்றேன்.

அவள் சாதாரணமான குரலில், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வவுனியாவில் ஆட்டம் இருக்கிறது என்றாள். “நடுவரா இல்லை மிஸ். சும்மா பாக்க வாங்கோ.”

போனேன். மேல் படியில் சனத்தோடு இருந்தேன். அவள் நன்றாக ஆடினாள், அவளுடைய அணி பதினொரு புள்ளியால் வென்றது. பக்கத்தில் இருந்த பெண் கச்சான் கடலைப் பொட்டலத்தை நீட்டினா, வேண்டாம் என்று தலையாட்டினேன். எந்த ஊர் என்று கேட்டா, அதற்கும் சிரித்து வைத்தேன். ஆட்டம் முடிந்து கடைசி ஆள் தளத்தை விட்டுப் போகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.