மஞ்சள் மினுங்கிய விரல்

தொண்ணூறுகளில் ஓசூரில் எங்கள் தொழிற்சாலைப் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் முகாம் நடந்தது. புதுக் கருவியோடு பெங்களூரிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, சிரிக்காத முகம். ஒவ்வொருவரையும் சோதிக்கும் முன், கருவியின் நீல ஒளியைத் தன் உள்ளங்கையில் அடித்துப் பார்த்துக்கொள்வார்.

ஜன்னலில் கம்பளி தொங்கவிட்டு அறையை இருட்டாக்கியிருந்தார்கள். நான் ஏறிப் படுத்தேன்.

"பயப்படாதம்மா. நல்ல சதை இந்த வெளிச்சத்துல தானா மினுங்கும். கெட ஆரம்பிச்ச இடம் மங்கலாத் தெரியும். அஷ்டே, அவ்வளவுதான்," என்றார் கன்னடம் கலந்து.

பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"மங்கலா இருக்குதுங்களா?"

"இல்ல. எல்லாமே ஜோரா மினுங்குது."

எனக்கு உயிர் வந்தது. அவர் முகமோ இறுகியது. சட்டென்று என் கையைப் பிடித்து விரல்களில் அந்த ஒளியை அடித்தார். நகக்கண்கள் பளீரென்று மஞ்சளாக மினுங்கின.

"மஞ்சள் போட்டுக் கழுவினியா?"

"டாக்டர் பாக்கறாங்களேன்னு காலையில உள்ள வரைக்கும் நல்லாத் தேச்சுக் கழுவினேங்க."

"அப்ப மினுங்கறது மஞ்சள்தான், சதை இல்ல. மஞ்சள் தொடாம அடுத்த வாரம் வா."

மறுபடி அங்கே படுக்க எனக்குத் தெம்பில்லை. "நல்லாருக்குன்னே எழுதிக்குங்கம்மா," என்று கெஞ்சினேன்.

"எழுதமாட்டேன்."

அடுத்த வாரம் மிளகளவு ஓர் இடம் மங்கலாகத் தெரிந்தது. சதை எடுத்துச் சோதித்து, பரவும் முன்பே அகற்றிவிட்டார்கள். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை. மஞ்சள் தேய்க்கும்போதெல்லாம் அந்த "எழுதமாட்டேன்" மட்டும் இன்னும் காதில் விழுகிறது.