சீன அப்பு கதவைத் திறந்து சொன்ன வார்த்தை

1. தமிழ்ப் படம் வராத ஞாயிறு

எண்பத்தைந்தாம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக் காட்சிக்குச் சனம் வந்து பாயில் இருந்துவிட்டது. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து வரவேண்டிய தமிழ்ப் படக் கசெற் மட்டும் வரவில்லை. பண்ணைப் பாலத்தில் ஆமி மறித்து பஸ்ஸைத் திருப்பிவிட்டதாக மண்டைதீவிலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னார்.

எங்கள் மினி சினிமா பாலத்துக்கு அப்பால் தீவில், சுருவில் றோட்டில் ஒரு பழைய புகையிலைக் கொட்டிலில் நடந்தது. நான் ஹொங்கொங் கம்பனி ஒன்றின் சரக்குக் கப்பலில் கிளாக்கராகப் பத்து வருஷத்துக்கு மேல் வேலை செய்துவிட்டு, எண்பத்து மூன்றில் ஊருக்கு வந்தவன். கொண்டுவந்த ரீவியையும் வீடியோ டெக்கையும் வைத்துத்தான் இந்தத் தொழிலைத் தொடங்கினேன். இருட்டிவிட்டால் கடலில் கடற்படைப் படகு திரியும். ஆகவே இரவில் படம் போடுவதில்லை. பகலில் யன்னல்களைச் சாக்கால் மறைத்துப் போடுவோம்.

என் பங்காளி சூசை. பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு. நான் யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போனபோது அவர் தகப்பனின் மீன்பிடி வள்ளத்துக்குப் போனார், பிறகு இஞ்சின் வேலை பழகினார். ஜெனரேற்றரும் கசெற்றுகளும் அவர் பொறுப்பு. தீவுக் காற்றில் கசெற்றுக்குள் இருக்கும் ரேப் நாடா சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். காட்சி இல்லாத நாட்களில் ஒவ்வொரு கசெற்றையும் ஓடவிட்டுப் பார்த்து, டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து வைப்பார்.

சூசைக்கு ஒரு பழக்கம் இருந்தது. சொல்லும் வசனத்தின் கடைசிச் சொல்லை இன்னொரு தரம் சொல்லுவார். திக்குவாய் இல்லை. சொன்னது மற்றவருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததோ என்று பார்க்கிற மாதிரி, மெதுவாக.

அன்றைக்குச் சனம் முணுமுணுக்கத் தொடங்கியபோது அவர் என் காதுக்குள் சொன்னார்.

"உம்மட பெட்டியில சீனப் படம் கிடக்குதல்லோ, கிடக்குதல்லோ. போடும். நீர் பக்கத்தில நிண்டு கதையைச் சொல்லும், சொல்லும்."

கப்பலில் என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேர் ஹொங்கொங் சீனமான கன்ரனீஸ் பேசுகிறவர்கள். அவர்களோடு சாப்பிட்டு, சண்டை பிடித்து, அந்தப் பாஷை எனக்குப் பிடிபட்டிருந்தது. மைக்கைக் கையில் எடுத்தேன். நடிகர் ஒரு வரி பேச, நான் அதைத் தமிழில் சொன்னேன். படம் முடிந்தபோது ஒரு கிழவி எழும்பி, அடுத்த கிழமையும் சீனன்தானோ என்று கேட்டார். அப்படித்தான் நான் படம் சொல்லுகிறவன் ஆனேன்.

2. அப்புவும் பாயிற தம்பியும்

சீனப் பெயர்கள் எங்கள் சனத்தின் வாயில் நிற்கவில்லை. தாங்களே பெயர் வைத்தார்கள். முகட்டிலிருந்து முகடு தாவும் இளம் நடிகர் 'பாயிற தம்பி'. எப்போதும் யாரையாவது திட்டிக்கொண்டு வரும் பருத்த நடிகை 'கோபக்கார மாமி'. அநேகமான படங்களில் தகப்பனாகவோ வாத்தியாராகவோ வருகிற வயதான நடிகர் 'சீன அப்பு'.

அப்புவை எனக்குக் கப்பலிலேயே தெரியும். எங்கள் சாப்பாட்டு அறையில் கிழமைக்கொரு படம் ஓடும். இஞ்சின் அறைப் பொடியள் படத்தைக் கவனியாமல் சத்தம் போட்டுச் சாப்பிடுவார்கள். அப்பு திரையில் வந்தால் சாப்பிடும் குச்சிகள் கோப்பையில் அப்படியே கிடக்கும். கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்தே அவரைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். படத்துக்கு வருமுன் அவர் பாட்டு நாடக மேடையில் இருபது வயது வரை நின்றவர் என்று சொன்னார்கள். மேடையில் உரத்துப் பேசிப் பழகிய அந்த மனிதர் கமராவுக்கு முன்னால் எவ்வளவு குறைவாகப் பேசினார் என்பதுதான் எனக்கு வியப்பு.

ஒரு காட்சி சொல்லுகிறேன். அப்பு தேநீர் குடிக்கிறார். கோப்பை மூடியால் இலையை ஓரமாக ஒதுக்குகிறார். ஒருவன் வந்து, உங்கள் கடை எரிந்துவிட்டது என்கிறான். அப்புவின் கை நிற்கவில்லை. இலையை ஒதுக்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் வேகம் குறைகிறது. அவ்வளவுதான். மற்றவர் பேசும்போது நடிக்கத் தெரிந்தவர் அவர். பாயிற தம்பிக்கு மற்றவர் பேசும்போது தன் முறை எப்போது வரும் என்ற அவசரம் முகத்தில் தெரியும்.

தம்பியைக் குறைத்துச் சொல்லவில்லை. அவன் உண்மையாகவே பாய்ந்தான், உண்மையாகவே விழுந்தான். முன்வரிசைப் பொடியள் அவனுக்காகவே வந்தார்கள்.

"கிளாக்கர் ஐயா, அப்பு வாற இடத்தை ஓட்டி விடுங்கோவன்" என்று கேட்பார்கள்.

"தம்பி பாயேக்க கமராவும் சேர்ந்து பாயுது. அப்பு இருக்கேக்க கமரா அசைய ஏலாமல் நிக்குது. பாருங்கோடா."

"நிக்கிறதைப் பாக்கவோ காசு குடுத்தனாங்கள்?"

கொட்டில் சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் ஓட்டி விடமாட்டேன். அந்தக் காலத்தில் அந்த அளவு மானம் எனக்கு இருந்தது.

சூசைக்கும் அப்பு என்றால் பிடிக்கும். ஒரு படத்தை அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். அதில் அப்பு சப்பாத்துத் தைக்கிறவர். மகன் தகப்பனோடு வாய்த்தர்க்கப்பட்டு வீட்டைவிட்டுப் போகிறான். வருஷங்கள் கழித்து ஒரு நாள் கதவைத் தட்டுகிறான். அப்பு கதவைத் திறக்கிறார், பார்க்கிறார், சின்னதாக ஒரு வரி சொல்லுகிறார், சமையல் குசினிக்குள் போகிறார். ஒரு புதன்கிழமை நான் கொட்டிலுக்குப் போனபோது சூசை தனியே இருந்து அந்த இடத்தையே முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தார். ரேப் இழுபட்டுப் போகும் என்று ஏசினேன். டெக்கை நிறுத்தினார்.

அவருடைய மகன் ஜெராட் அதற்கு முதல் வருஷம் தகப்பனோடு கோபித்துக்கொண்டு போனவன். எங்கே போனான் என்று தெரியாது. அந்த நாட்களில் அப்படிப் போன பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் சூசை ஏன் அந்த இடத்தையே பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். இதை இங்கே எழுதவேண்டும்: எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

3. கைதட்டு

அந்தச் சப்பாத்துக்காரர் படத்தைப் போட்ட நாளில் கொட்டிலில் நல்ல புழுக்கம். பாய்ச்சல் ஒன்றும் இல்லாத படம். பாதியில் பொடியள் எழும்பத் தொடங்கினார்கள். மைக் பிடித்தவனுக்குச் சனம் எழும்புவதைப் பார்ப்பது போல ஒரு கேவலம் இல்லை. எப்படியாவது இருத்த வேண்டும் என்று நினைத்தேன்.

மகன் கதவைத் தட்டினான். அப்பு திறந்தார். அவர் சொன்ன வரி எனக்கு விளங்கியது. இவ்வளவு சாதாரணமான வரியைச் சொன்னால் சனம் இருக்காது என்று பட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன், சூசையின் குரலில்.

"ஆரடா நீ, ஆரடா நீ? கோழி பிடிக்க வந்தனியோ, வந்தனியோ?"

கொட்டில் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. எழும்பினவர்கள் இருந்தார்கள். மகன் அழுதான்; நான் அப்புவுக்கு இன்னொரு பகிடி கொடுத்தேன். குசினிக்குள் போனார், அங்கேயும் கொடுத்தேன். படம் முடியும்வரை அப்பு சூசையாகவே பேசினார்.

ஸ்பீக்கர் ஒன்று வாசலில் இருந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்காக வைத்தது. சூசை அதற்கு அருகில்தான் ஜெனரேற்றரோடு இருப்பார்.

சனம் போன பிறகு வயர் சுற்ற வந்தார். கேட்டிருப்பார் என்று தெரியும். தெரியாதவன் போல, "எப்பிடி?" என்றேன்.

"நல்லாய் இருந்தது."

ஒரு தரம்தான் சொன்னார்.

அத்தோடு விட்டிருந்தால் ஒரு நாள் பிழை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கலாம். அடுத்த ஞாயிறு சனம் அதே படத்தைக் கேட்டது. போட்டேன். அதே பகிடிகளை இன்னும் நன்றாகச் செய்தேன். அந்த மாதத்துக்குள் ஊர் முழுக்க அது பரவியது. சந்தியில், மீன் சந்தையில், கோயில் வாசலில், சூசையைக் கண்டால் பொடியள் கேட்பார்கள்: "எங்க போறியள் சூசையண்ணை, சூசையண்ணை?" அவர் சிரித்துவிட்டுப் போவார். பிறகு சிரிக்காமல் போனார். பிறகு அந்த றோட்டாலேயே வருவதில்லை. என்னோடு வேலை விஷயம் பேசும்போதும் ஓம், இல்லை, எண்ணெய் காணாது, அவ்வளவுதான். ஒவ்வொரு வசனமும் வெட்டி எடுத்த மாதிரி ஓரிடத்தில் நிற்கும்.

ஒரு நாள் அவருடைய மனைவி றோசக்கா ஜெனரேற்றர்ப் பூட்டின் திறப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். சூசை இனி வரமாட்டார் என்றார். சுகமில்லையோ என்று கேட்டேன்.

"சுகத்துக்கு ஒண்டும் இல்லை. வீட்டிலயும் அந்த மனிசன் கதைக்கிறேல்லை. வாயைத் திறந்தால் கிளாக்கரின்ர படம் மாதிரிக் கிடக்காம். அவற்ர வாயைக் கழட்டிக்கொண்டு போய்க் காசுக்குக் காட்டிப்போட்டியள்."

கோபமாகச் சொல்லவில்லை. திறப்பை வைத்த மாதிரியே சொன்னார்.

அவருடைய வீடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நான் போகவில்லை. அடுத்த கிழமை போவோம் என்று ஒவ்வொரு கிழமையும் நினைத்தேன். வேறொருவரை ஜெனரேற்றருக்கு வைத்தேன். படம் நன்றாக ஓடியது. தொண்ணூறில் சண்டை தீவுக்கு வந்தது. ஊரைவிட்டு எழும்பிய நாளில் டெக்கும் ரீவியும் கசெற்றுகளும் கொட்டிலிலேயே கிடந்தன. நான் எடுத்தது ஒரு பெட்டி உடுப்பு. சூசை குடும்பம் எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை.

4. சங்கக்கடை வரிசை

தொண்ணூற்று மூன்றில், யாழ்ப்பாணப் பட்டினத்தில், நிவாரண அரிசிக்கு நான் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலைந்து பேருக்கு அப்பால் ஒரு முதுகு. அந்த முதுகை எனக்குத் தெரியும். ஜெனரேற்றருக்கு மேல் குனிந்திருந்த முதுகு. தலை முழுக்க வெளுத்திருந்தது.

அரிசி வாங்கிக்கொண்டு திரும்பியவர் என்னைக் கண்டார். நின்றார். நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். பக்கத்து மதிலோரம் நிழலில் இருவரும் இருந்தோம். மன்னிப்புக் கேட்க எத்தனையோ வசனம் யோசித்து வைத்திருந்தவன் நான். வந்தது ஒரு வரிதான்.

"சூசை, நான் உமக்குச் செய்தது பெரிய பிழை" என்றேன்.

அவர் அரிசிப் பையின் வாயை முடிந்துகொண்டிருந்தார். முடிந்து முடித்தார். பிறகு, சீனப் பாஷையில் ஒரு வரி சொன்னார்.

"சிக் சோ ஃபான் மெய் ஆ."

உச்சரிப்பு ஏறக்குறையச் சரியாக இருந்தது. முடிவில் குரல் மெதுவாக இழுபட்டது. அது அப்பு இழுக்கும் இழுவை.

"கதவைத் திறந்துபோட்டு அந்த மனிசன் சொல்லுறது. நான் தனிய இருந்து போட்டுப் போட்டுக் கேட்டனான். என்னெண்டு உம்மட்டக் கேக்கவேணும் எண்டுதான் இருந்தனான். பிறகு உம்மட்டக் கேக்க ஏலாமல் போச்சுது. அது என்ன சொல்லுறார்?"

அந்தத் தீவில் அதை அவருக்குச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். சொல்லவேண்டிய இடத்தில் நான் சொன்னது கோழி.

"சாப்பிட்டியா எண்டு கேக்கிறார்" என்றேன்.

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை. சாப்பிட்டியா எண்டு கேட்டுப்போட்டு, சோறு எடுக்கக் குசினிக்குள்ள போறார்."

சூசை றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெராட் வந்தால் என்ன சொல்லுறதெண்டு இத்தனை வருஷமாய் யோசிக்கிறன்" என்றார். "ஏசுறதோ, அழுறதோ எண்டு. அந்த மனிசன் பெரிசாய் ஏதோ சொல்லுறார் எண்டு நினைச்சனான். இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான்."

அவர் எழும்பினார். பையைத் தோளில் போட்டார். என்னைப் பார்த்து, "வரிசையில உம்மட இடம் போச்சுது, திரும்பப் போய் நில்லும்" என்றார். இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நில்லும்" என்றார் மெதுவாக.

5. இப்போது

தொண்ணூற்றைந்தில் பட்டினமும் இடம்பெயர்ந்தது. அதற்குப் பிறகு நான் சூசையைக் காணவில்லை. ஜெராட் வந்தானா என்று எனக்குத் தெரியாது.

இப்போது பேரப்பிள்ளைகள் போனில் ஹொங்கொங் படம் காட்டுகிறார்கள். புது நடிகர்கள் வடிவானவர்கள். அழுதாலும் வடிவு குலையாது. ஒருவர் பேசி முடிக்குமுன் கமரா மற்றவரின் முகத்துக்குத் தாவிவிடுகிறது, அந்த முகமும் கேட்டுக்கொண்டிராமல் பேசத் தயாராகவே இருக்கிறது. அவர்களில் ஒருவரைத் தேநீர்க் கோப்பையோடு சும்மா ஒரு நிமிஷம் இருத்திப் பார்க்க எனக்கு ஆசை. இருக்கமாட்டார்கள் என்றில்லை. இருக்க விடுகிறவர்கள் இல்லை. அப்புவும் மாமியும், கமராவை அசைக்காமல் பிடித்த அந்தக் கமராக்காரரும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தார்கள், நான் அதைப் பார்த்தேன். இன்னொரு தரம் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

சில நாட்களில் பேரன் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்து, சொல்லுங்கோ அப்பப்பா என்பான். சொல்லுவேன். அவர்கள் என்ன சொல்லுகிறார்களோ அதை மட்டும் சொல்லுவேன். வரி சின்னதாக இருந்தால் சின்னதாகச் சொல்லுவேன். வயதான நடிகர் ஒருவர் பேசாமல் இருக்கும் இடம் வந்தால் நானும் பேசாமல் இருப்பேன். ஏன் நிறுத்திட்டியள் என்று பேரன் கேட்பான்.

அந்த ஆள் முடிக்கட்டும் என்பேன்.