பாதியில் கைதட்டியவன்

போன மாதம் அலுவலக விருந்தில், பாட்டு பாதியில் இருக்கும்போதே நான் பலமாகக் கைதட்டிவிட்டேன். எங்கள் குழுவில் இருக்கும் கெவின் என்ற வெள்ளைக்காரர் பழைய ராக் பாட்டு ஒன்றைக் கிடார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார். பாவம், கைதட்டல் கேட்டதும் நிறுத்திவிட்டு, "டூ லாங்?" என்றார். இல்லை, ரொம்பப் பிடித்திருக்கிறது, பாடுங்கள் என்றேன். அவர் நம்பவில்லை. போதும் என்பதை நாசூக்காகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு கிடாரைப் பெட்டியில் வைத்து மூடினார். அமெரிக்கா வந்து பதினோரு வருடமாகியும் இப்படி ஏதாவது அசடு வழிந்துகொண்டுதான் இருக்கிறேன்.

எனக்கு அந்தப் பாட்டு அங்கேதான் முடியும். வண்ணாரப்பேட்டையில் காதர் பாய் கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடை வைத்திருந்தார். வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிடக் கேசட்டில் ஏற்றித் தருவார். நாடா எங்கே தீர்ந்ததோ அங்கே பாட்டும் தீர்ந்தது. சண்டைக்குப் போனால், "முக்கா பாட்டு வந்துச்சா இல்லியா? மிச்சத்துக்கு இன்னொரு கேசட்டு வாங்கு நைனா" என்பார். படமும் அப்படித்தான். திருவொற்றியூரில் நாங்கள் பார்த்த இங்கிலீஷ் படங்களில், அடுத்த காட்சிக்கு நேரமாகிவிட்டால் ஒரு ரீலைத் தூக்கிவிடுவார்கள். கதாநாயகி எப்போது செத்தாள் என்று தெரியாமலேயே அவளை அடக்கம் செய்வதைப் பார்த்திருக்கிறோம். பழைய புத்தகக் கடையில் வாங்கிய துப்பறியும் நாவல்களில் கடைசிப் பக்கங்கள் இருந்ததே இல்லை.

மிச்சத்தையெல்லாம் அந்தோணி சொல்வான். ராயபுரத்துக்காரன், என் கூட்டாளி. சர்ச் பாடகர் குழுவில் பழகிய குரல். கும்மிடிப்பூண்டி ரயிலில் வாசலோரம் நின்றுகொண்டு, அறுந்துபோன ராக் பாட்டைக் கானா மெட்டில் தன் சொந்த வார்த்தைகளால் முடித்துவைப்பான். ரயிலே திரும்பிப் பார்க்கும். நாவலில் கொலைகாரன் யார் என்பதையும் அவன்தான் முடிவுசெய்வான். பல வருடம் கழித்து ஒரு நாவல் முழுசாகக் கிடைத்துப் படித்துப் பார்த்தேன். எழுதியவருடைய கொலைகாரனைவிட அந்தோணியின் கொலைகாரன் எவ்வளவோ மேல். இப்போது பாட்டும் படமும் புத்தகமும் ஒரு குறையும் இல்லாமல் போனுக்குள் கிடக்கின்றன. எதையும் நான் முழுசாகக் கேட்பதில்லை, பார்ப்பதில்லை. கட்டைவிரல் தள்ளிக்கொண்டே போகிறது.

இரண்டு மாதத்துக்கு முன் அந்தோணிக்குத் தொண்டையில் புற்று என்றார்கள். குரல்வளையை எடுத்தாக வேண்டும். அவனே போன் செய்தான். "ஒரு தபா வந்துட்டுப் போ மாமு. கொரலு கீறப்பவே ரெண்டு பேரும் சேந்து பாடிக்கலாம். அப்பால இன்னா பண்ணாலும் வராதாம்." அழைப்பிதழ் கொடுப்பவன் மாதிரி சொன்னான். வருகிறேன் என்றேன்.

இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். என் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. இந்த நாட்டுக்குள் இருக்கலாம், வேலை பார்க்கலாம். வெளியே போனால் புது முத்திரை வாங்கித்தான் உள்ளே வர முடியும். அது எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது. கம்பெனி வக்கீலம்மாவிடம் கேட்டேன். நீங்கள் போவதை யாரும் தடுக்கவில்லை, திரும்பி வருவதற்கு நான் உறுதி தர முடியாது என்று சிரித்த முகத்தோடு சொன்னார். மனைவியின் விசா என் விசாவில் தொங்குகிறது. மகளுக்கு இது பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். விமான டிக்கெட் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக ஐந்து வாரம் போனது. கதவு திறந்திருக்கும் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவனைக் கோழை என்று சொல்லலாம். நானே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின சனிக்கிழமை, காலையில் வீடியோவில் சேர்ந்து பாடிப் பார்த்தோம். அவன் குரல் இங்கே வருவதற்குள் நான் ஒரு வரி முன்னால் போயிருந்தேன். என் குரல் அங்கே போய்ச் சேரும்போது அவன் வேறெங்கோ இருந்தான். "பேஜாரா கீதுடா. நீ சொம்மா இரு, நான் பாடுறேன்" என்றான். பாடினான். நடுநடுவே இருமிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடினான். பதிவு செய்து வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் இதுதான் கடைசி என்று நானே சொன்னதாக ஆகிவிடும்.

நேற்று காலை அவனிடமிருந்து அழைப்பு வந்தது. சிகிச்சை முடிந்து மூன்று வாரம். கழுத்தில் கட்டு, முகம் பாதியாகியிருந்தது. "வலி இருக்கா? மருந்தெல்லாம் கரெக்டா எடுத்துக்கறியா? நல்லா ரெஸ்ட் எடு" என்றேன். அவன் குனிந்து எதையோ தட்டினான். திரையில் எழுத்து வந்தது. "இன்னாடா டாக்டர் மாறி பேசுற? எனக்கு காது நல்லாத்தான் கீது. நம்ம பாஷைல பேசு."

அந்தப் பாஷையில் பேச எனக்கு அவன் ஒருவன்தான் மிச்சம். அவனோடு பேசும்போதும் இத்தனை வருடமாக அவன் பேசுவான், நான் ம் கொட்டுவேன். "இன்னா மாமு" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. ஒரு கீறலும் படாத என் தொண்டையில் அந்தப் பாஷை அவ்வளவுதான் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தப் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் ஹாரன். இந்தப் பக்கம் ஃப்ரிட்ஜின் உறுமல். போனை அவனும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.